நண்பகல் படத்துக்கு ஐந்து

எர்லிண்டா புயலுக்கு எண் போடுகிறவள். மணிலாவில் ஒரு வானிலை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை. செயற்கைக்கோள் படத்தின் மேல் சுருள்கோடு போட்ட கண்ணாடித்தாளை வைப்பாள். மேகம் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது, நடுக்கண்ணில் எவ்வளவு சூடு, சுற்றுவளையத்தில் எவ்வளவு குளிர் என்று பார்த்து, புயலின் வலுவுக்கு ஒன்றிலிருந்து எட்டுக்குள் ஓர் எண் எழுதுவாள்.

சமார் தீவின் கரையில் தம்பி கிரிஸ்புலோ. படகு ஒன்று, பன்றி மூன்று. ரேடியோவை நம்பமாட்டான், அக்காவைத்தான் கேட்பான். ஒரு தடவை அவள் பயத்தில் அரை எண் கூட்டிச் சொல்லிவிட்டாள். அவன் பேச்சைக் கேட்டு ஊரே பள்ளிக்கூடத்தில் போய் முடங்கியது. புயல் வடக்கே திரும்பிவிட்டது. வந்து பார்த்தால் அவனுடைய சினைப்பன்றியைக் காணோம்.

"புலோ, உங்கக்கா ஊதுனா இன்னும் எத்தன பன்னிடா போகும்?" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அன்றே அக்காவிடம் சத்தியம் வாங்கினான்: "அரையும் காலும் வேணாங்க்கா. ஆபீஸ்ல எழுதுற நம்பர மட்டும் சொல்லு. ஆறுன்னா கெளம்புறேன்."

அந்த நவம்பரில் காலை ஆறு மணிப் படத்துக்கு நான்கு போட்டாள். நண்பகல் படத்தில் ஊசித்துளை மாதிரி ஒரு கண். அளந்தால் ஆறு. ஆனால் ஆறு மணி நேரத்தில் ஓர் எண்ணுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது விதி. பார்க்கிற கண் பதறி அதிகம் போட்டுவிடும் என்பதற்காக வைத்தது.

பக்கத்து மேஜை ரேனானும் அளந்தான். "மூணு தடவ பாத்துட்டேன் மேடம். ஆறுதான். ஆனா அஞ்சுதான் எழுதணும்."

எழுதினாள். போன் அடித்தது.

"என்னக்கா நம்பர்?"

"அஞ்சு. நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிடேன் புலோ."

"எழுதுனது அஞ்சா, ஆறா?"

ஆறு என்று சொல்ல வாய்வரை வந்தது.

"அஞ்சு."

"அப்புறமென்ன? நெனிட்டாவயும் புள்ளைங்களயும் அனுப்பிட்டேன். நான் பன்னிக்குக் காவல். உன் கொரலே சரியில்ல, போய் சோறு தின்னு."

உடனே திருப்பிக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நான்காவது தடவை மணியே போகவில்லை. மாலை ஆறு மணிப் படத்துக்கு விதிப்படி ஆறு போட்டபோது கண் கரையைத் தொட்டிருந்தது.

ஐந்தாம் நாள் தம்பி பெண்டாட்டி நெனிட்டா பேசினாள். பன்றிக் கொட்டகைத் தகரத்துக்கு அடியில் அவன் உடலை எடுத்தார்களாம்.

"பன்னி மூணும் நீந்தி மேட்டுல ஏறி நிக்குது அண்ணி. அதுகள நான் என்ன செய்ய?"



மார்ச்சில் பழைய பதிவுகளைத் திருத்தும் வேலை வந்தது. நண்பகல் வரிசையில் தன் கையெழுத்திலேயே இருந்த ஐந்தை அடித்து, ஆறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு விதி தடை சொல்லவில்லை.