பச்சையாய்ப் போன பொடி

கெத்தாமா மலையில் பனி விழத் தொடங்கினால் வீட்டுக்கு வீடு குச்சிச் சத்தம் கேட்கும். உலர்ந்த கஞ்சாச் செடியை, நைலான் துணி கட்டிய பேசின்மேல் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு குச்சிகளால் தட்டுவோம். துணி வழியே அடியில் இறங்கும் பொடிதான் எங்களுக்கு வருஷத்து ரொட்டி.

என் தம்பி ஹம்மாதி தட்டினால் பொடி மணல் நிறத்தில் இறங்கும். விரலில் தேய்த்தால் வெண்ணெய்போல ஒட்டும். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, ஓடைக்கு அந்தப் பக்கத்தாரும் அதையேதான் சொல்வார்கள். அவன் தட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பேன். நிறம் மாறப்போகிறது என்று தெரிந்ததும் "போதும்" என்பேன். அதன் பிறகு ஒரு தட்டுகூட விழாது. விழுந்தால் இலைத்தூளும் சேர்ந்து இறங்கிப் பொடி பச்சையாகிவிடும்.

அந்த வருஷம் ஓடைக்கு அப்பால் இருக்கும் ஷாயிபின் மகள் யாம்னாவைக் கட்ட ஹம்மாதி ஆசைப்பட்டான். பெண் கேட்கப் போனபோது ஷாயிப் சொன்னார்: "உன் முதல் பொடியக் குழாயில வச்சு இழுத்துப் பாக்குறேன். அப்புறம் பேசலாம்."

முதல் பொடிக்கு உட்கார்ந்த காலையில் ஷாயிபின் வீட்டிலிருந்தும் குச்சிச் சத்தம் வந்தது. கனமான கை. ஹம்மாதியின் குச்சி நின்றது.

"அக்கா, அது புஷ்தாதான்."

புஷ்தா பழைய பென்ஸ் கார் வைத்திருப்பவன். முந்தின நாள்தான், பெண் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோவதுபோல, அந்த வீட்டுக்குச் சர்க்கரைக் கூம்பு கொண்டுபோனான்.

"யாரா இருந்தா உனக்கென்ன?"

"நேத்து சக்கரையத் தூக்கிட்டுப் போனான். இன்னைக்குக் குச்சியத் தூக்கிட்டான். நாளைக்கு என்னத்தத் தூக்குவானோ."

"கழுதையத் தூக்குவான். நீ தட்டுடா."

தட்டினான். அந்தப் பக்கம் சத்தம் கூடக் கூட இவனும் கூட்டினான். காது சிவந்துவிட்டது. நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

"போதும்."

"அவன் நிறுத்தட்டும்."

"ஹம்மாதி, போதுங்கிறேன்."

"அவ காதுல அவன் சத்தம் மட்டும் விழணுமா?"

ஓடைக்கு அந்தப் பக்கம் ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினான். துணியை அவிழ்த்தேன். பேசின் அடியில் பச்சை.

மத்தியானம் ஷாயிப் வந்தார். ரொட்டியும் எண்ணெயும் வைத்தேன், தேநீர் ஊற்றினேன். அவர் நீளக் குழாயின் களிமண் கிண்ணியில் எங்கள் பொடியை வைத்துப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார்.

"ஆட்டுக்குப் போடுறத எனக்குப் போட்டுட்டியா?"

ஹம்மாதி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "உங்க வீட்டுல புஷ்தா தட்டுனான்ல மாமா. அவன் நிறுத்துற வரைக்கும் எனக்கு நிறுத்த மனசு வரல."

"புஷ்தாவா? அவனுக்குக் குச்சிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. சக்கரையக் குடுத்தான், என் கழுதைக்கு விலை கேட்டான், போயிட்டான். என்னாலதான் தோளத் தூக்க முடியலையே, தட்டுனது யாம்னா."

மேலங்கிக்குள் கைவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதுவும் பச்சை.

"எதிர்ப்பக்கம் ஒருத்தன் ஓயவே மாட்டேங்கிறான், நான் மட்டும் ஓயணுமாங்கிறா. ரெண்டு வீட்டுப் பொடியும் பாழாப்போச்சு. இனி ரெண்டு பேரும் ஒரே பேசின் முன்னாடி உக்காருங்க, செலவாவது குறையும்."

இப்போது யாம்னா நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து துணியின் ஓரத்தைத் தூக்குகிறாள். முணுமுணுப்பாகத்தான் "போதும்" என்பாள். என் தம்பியின் குச்சி அந்தரத்தில் அப்படியே நிற்கும். நான் தேநீர் கொண்டுபோய் வைக்கிறேன். பொடி நன்றாகத்தான் இறங்குகிறது. நானாக இருந்தால் இரண்டு தட்டுக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.