பொங்கலுக்கு ஒரு தூக்குத் தண்டனை

என் அண்ணனைக் கொன்றவனைத் தூக்கில் போட வேண்டும் என்பது என் ஆசை. இதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை. பெருங்களத்தூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் யாராவது லிஃப்ட்டில் ஏறி, "நியூஸ் பாத்தீங்களா மேடம், இவனுங்களையெல்லாம் என்ன பண்றது?" என்று ஆரம்பித்தால் போதும், கீழ்த்தளம் வருவதற்குள் நான் கயிறு வாங்கிவிடுவேன். நீதிமன்றத்துக்கு என் அளவுக்கு ரோஷம் இல்லை. ஆயுள் தண்டனை என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணனும் அவனும் கூட்டாளிகள். பம்மலில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார்கள். அண்ணன் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி தூக்கியவன் அவன். என் அண்ணியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றி, கைக்கு எட்டிய இரும்புத் தடியை எடுத்து அண்ணன் தலையில் அடித்துவிட்டான். அன்று காலையில் வீட்டிலும் புருஷன் பெண்டாட்டி சண்டை. அண்ணன் சாப்பிடாமலே கிளம்பிப் போயிருந்தார். மத்தியானம் அண்ணி பட்டறைக்கு ஃபோன் செய்தபோது அதை எடுத்தவன் அவன்தான். அதனால் அண்ணியையும் கூண்டில் ஏற்றி, எத்தனை மணிக்குப் பேசினீர்கள், எடுத்தது யார் என்று கேட்டார்கள். அண்ணி சொன்னார். போகலாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி என்னோடு வந்துவிட்டார். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அவனைத் தூக்கில் போடணுமா, வேண்டாமா என்று இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

போன பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, இன்டர்காமில் எங்கள் வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"அக்கா, ஜெயில்லேர்ந்து ஒரு சார் வந்துகீறாரு. உங்க அண்ணியப் பாக்கணுமாம். மேல அனுப்பட்டா?"

நம் வாட்ச்மேனுக்கு இயற்கையிலேயே மைக் செட் குரல். பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள், பள்ளி வேனுக்கு நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து எங்கள் பால்கனியைப் பார்த்தார்கள்.

வந்தவர் நன்னடத்தை அலுவலர். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவனை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று அரசாங்கம் யோசிக்கிறதாம். இறந்தவரின் குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு ரிப்போர்ட் அனுப்ப வேண்டுமாம்.

"உண்டு. நல்லா கொட்டை எழுத்துல எழுதிக்கோங்க" என்றேன்.

"அதை அவங்க மனைவிதான் மேடம் சொல்லணும். பொங்கல் லீவு முடிஞ்சு வரேன். அதுக்குள்ள கேட்டு வைங்க."

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவர், "சரி" என்றார்.

"என்ன சரி?"

"யோசிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல யோசிக்க என்ன அண்ணி இருக்கு? உங்க தாலிய அறுத்தவன். அவன் வெளிய வந்து டீக்கடையில பஜ்ஜி திங்கணுமா?" என்று கத்தினேன். அண்ணி அடுத்த அவரைக்காயை எடுத்தார்.

அண்ணி யோசிக்கிறார் என்ற செய்தி, நான் யாரிடமும் சொல்லாமலே, மொத்தக் குடியிருப்புக்கும் போய்ச் சேர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் சங்கச் செயலாளர் ஒரு வாக்கெடுப்பே வைத்துவிட்டார். 'நம் சகோதரி ஆட்சேபணை தெரிவிக்கலாமா? ஆம் / இல்லை / கருத்து இல்லை.' வாக்குகள் விழுந்துகொண்டிருந்தபோது நடுவில் ஒருவர் ரோஜாப்பூ போட்டு இனிய காலை வணக்கம் அனுப்பினார். இன்னொருவர், தண்ணி லாரி வந்ததா என்று கேட்டார். 'ஆம்' அமோகமாக ஜெயித்தது.

செயலாளர் பணி ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. சாப்பிட்டீங்களா என்று கேட்டால்கூட சுற்றறிக்கை வாசிப்பது மாதிரி இருக்கும். எங்கள் பொங்கல் விழாவில் கோலப்போட்டி, உறியடி, கடைசியில் பட்டிமன்றம் என்று ஒரு வரிசை உண்டு. வழக்கமாகப் பட்டிமன்றத் தலைப்பு, குடும்பத்தைத் தாங்குவது கணவனா மனைவியா என்கிற ரகம். இந்த வருஷம் அவருக்கு ஞானோதயம் வந்துவிட்டது. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், மரண தண்டனை தேவையா, தேவையில்லையா. இதான் தலைப்பு. சப்ஜெக்ட் நம்ம பில்டிங்லயே இருக்கும்போது வெளிய எதுக்குத் தேடணும்?"

சப்ஜெக்ட் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. அண்ணியைச் சிறப்பு விருந்தினராக மேடையில் உட்கார வைக்க வேண்டுமாம். "அவங்க வரமாட்டாங்க" என்றேன். "வந்து சும்மா உட்கார்ந்தாப் போதும் மேடம், கண்கலங்கினா இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த அண்ணன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றார். நான் காபி எடுத்துவர உள்ளே போனேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். யார் எந்தக் கட்சியில் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். காலி ஊறுகாய் பாட்டிலில் சீட்டைப் போட்டு எடுப்பார்கள். எடுத்தால் எடுத்ததுதான், மாற்றக் கூடாது. இரண்டாவது மாடிப் பெரியவர் ஒருவர், தன் இடத்தில் வண்டி நிறுத்துகிறவனைக்கூடத் தூக்கில் போடலாம் என்ற கொள்கை உடையவர். அவருக்குத் 'தேவையில்லை' வந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர், கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் வாரி வெளியே விடுகிறவர். அவருக்குத் 'தேவை.'

டீச்சர் என்னிடம் வந்து கையைப் பிசைந்தார். "நான் எப்படிங்க ஒருத்தரைக் கொல்லச் சொல்றது? எங்க பாஸ்டர் வேற முன்வரிசையில உட்காருவாரு."

"பட்டிமன்றந்தானே டீச்சர், நாலு கைதட்டல் வாங்கிட்டு இறங்குங்க" என்றேன். முதல் ஒத்திகையில் அவருக்குக் குரல் நடுங்கியது. கடைசி ஒத்திகையில், தூக்கை நடுத்தெருவில் போட்டால் என்ன என்று கேட்டார். பெரியவரோ, உயிரின் மகத்துவம் என்று ஆரம்பித்து நெஞ்சில் கைவைத்து அழவே பழகிவிட்டார். "நிஜமாவே மனசு மாறிட்டீங்களா சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா. ஆனா ஜெயிக்கணும்ல?" என்றார்.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நானும் அண்ணியும் பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டு, மஞ்சள் கொத்தும் கிழங்குமாகத் திரும்பினோம். கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. இடதுபக்கம் நடுவர், வலதுபக்கம் செயலாளர், நடுவில் மாலையோடு என் அண்ணன். ரத்தம் சொட்டும் எழுத்தில் 'நீதி கேட்கும் விழிகள்.' கீழே, 'அனைவரும் வருக! பட்டிமன்றம் முடிந்ததும் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மெதுவடை வழங்கப்படும்.' எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைத்தான் செயலாளர் கைபேசியில் சுட்டிருக்கிறார். படத்தின் கண்ணாடியில் பிரதிபலித்த அவர் வழுக்கையும் கைபேசியும் அண்ணன் நெற்றியில் தெளிவாகத் தெரிந்தன.

"இன்னாக்கா, சோக்கா கீதுல்ல?" என்றார் வாட்ச்மேன். அவர் மேல் தப்பில்லை.

கையில் இருந்த பையை அப்படியே போட்டுவிட்டு ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்தேன். கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. அண்ணி என் கையைப் பிடித்தார்.

"கிழிக்காதே. அவர் முகம் இருக்கு. முடிச்சை அவிழ்."

இரண்டு பேருமாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது செயலாளர் ஓடிவந்தார். "மேடம், உணர்ச்சிபூர்வமா இருக்கட்டுமேன்னுதான்... அந்த ரத்தத் துளியெல்லாம் ஃப்ளெக்ஸ்காரர் தானாவே போட்டுக் குடுத்தாரு" என்றார். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அண்ணி ஃப்ளெக்ஸை முகம் மடியாமல் சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். அன்று அழுதது நான்தான், அவர் இல்லை.

பட்டிமன்றம், ஊருக்குப் போனவர்கள் திரும்பும் நாளில் வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. நடுவர் வண்டலூரிலேயே மாட்டிக்கொண்டு, கடைசியில் யாரோ ஒருவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, தலையெல்லாம் கலைந்து வந்து சேர்ந்தார். நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணிதான், "வீட்ல உட்கார்ந்தா மட்டும் காதுல விழாதா, மைக் நம்ம ஜன்னலைப் பார்த்துத்தானே கட்டியிருக்கு" என்று கிளம்பினார்.

குறை சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார்கள். பயம் இருந்தால்தான் குற்றம் குறையும் என்றார் டீச்சர். செத்தவனுக்கு மனித உரிமை இல்லையா என்றார். கொன்றவனுக்கு ஜெயிலில் நம் காசில் கறிச்சோறு போடுகிறார்கள் என்றதும் விசில் பறந்தது. பாஸ்டரும் தன்னை மறந்து கை தட்டிவிட்டு, பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். பெரியவர் எழுந்து, தப்பான ஆளைத் தூக்கில் போட்டுவிட்டால் எந்த அதிகாரி போய்த் திரும்பக் கூட்டிவருவார் என்று கேட்டார். நல்ல வக்கீல் வைக்க முடிந்தவன் எவனாவது தொங்கியிருக்கிறானா என்று கேட்டார். கொல்லாதே என்று சொல்லிவிட்டுச் சட்டமே கொல்லலாமா என்று கேட்டு, பழகியபடி அழுதார். சொன்னதெல்லாம் சரி. இவர் பேசும்போது இதுவும் சரி, அவர் பேசும்போது அதுவும் சரி. நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சர் கட்சியில் உட்கார்ந்திருந்தேன்.

நடுவர் தீர்ப்பு சொன்னார். "தூக்குத் தண்டனை சட்டத்தில் இருக்க வேண்டும், ஆனால் கயிற்றில் இருக்கக் கூடாது!" இரண்டு கட்சியும் எழுந்து நின்று கை தட்டியது. இரண்டு கட்சிக்கும் ஒரே மாதிரி ஃப்ளாஸ்க் பரிசு.

அப்போதுதான் செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "பாதிக்கப்பட்ட நம் சகோதரி இப்போது ஒரு வார்த்தை..." என்றார். நான் எழுந்துவிட்டேன், அந்த ஆளை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று. அண்ணி எனக்கு முன்னால் நடந்து மேடைக்குப் போய்விட்டார். நாலைந்து கைபேசிகள் உயர்ந்தன.

அண்ணி மைக்கை வாங்கினார். "பொங்கல் ஆறிக்கிட்டிருக்கு. எல்லாரும் சாப்பிட வாங்க."

அவ்வளவுதான். இறங்கி வந்துவிட்டார். நடுவர் செயலாளர் காதில், "ஆழமான குறியீடு சார்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கூட்டம் குறியீட்டுக்கு நிற்காமல் தட்டெடுக்க ஓடியது.

லீவு முடிந்து அலுவலர் வந்தார். அண்ணி அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப எப்படி இருக்கான்?"

"சர்க்கரை இருக்கும்மா. கண்ணும் மங்கிப்போச்சு. தோட்ட வேலை பாக்கறாரு."

பாக்கறாரு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோங்க" என்றார் அண்ணி.

"அண்ணி!"

"நீ உட்காரு."

அலுவலர் பேனாவைத் திறந்தபடி தயங்கினார். "மன்னிச்சிட்டீங்கன்னு எழுதலாங்களாம்மா?"

"இல்ல. மன்னிக்கல. அப்படி எழுதாதீங்க."

"அப்புறம் எதுக்கு விடச் சொல்றீங்க?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அண்ணி என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "அன்னைக்கு ஃபோனை அவன்தானே எடுத்தான். 'கோச்சுக்கிட்டுப் போயிட்டாரு அண்ணா, தப்பு என் மேலதான், சாப்பிட வரச் சொல்லுங்க'ன்னேன். 'சொல்லிடறேன் தங்கச்சி'ன்னான். கோர்ட்ல மணி கேட்டாங்க. என்ன பேசினேன்னு யாரும் கேக்கல. நான் சொன்னதை அவர்கிட்ட சொன்னானா, இல்ல சொல்றதுக்குள்ளயே சண்டை வந்துடுச்சா? அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

அலுவலர் மெதுவாக, "மனு குடுத்தா ஜெயில்லயே போய்ப் பார்க்கலாமே அம்மா" என்றார்.

"பார்க்கலாம். கம்பிக்குப் பின்னால நிக்கறவன் நான் என்ன கேக்க ஆசைப்படறேனோ அதைச் சொல்லிடுவான். என் தயவு அவனுக்கு வேணும்ல. வெளிய வரட்டும். எங்கிட்ட வாங்க வேண்டியது ஒண்ணும் இல்லைன்னு ஆனப்புறம் கேட்டாத்தான் அது பதில்."

அலுவலர் எழுதிக்கொண்டு போனார். அண்ணி டீ தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். நான் கேட்டது நடந்து, அவனைத் தூக்கில் போட்டிருந்தால், இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இவர் எங்கே போயிருப்பார்?

கோப்பு இன்னும் மேலே எங்கேயோ இருக்கிறது. நான் இன்றைக்கும் தூக்குக் கட்சிதான், லிஃப்ட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் காலையில் விளக்கேற்றும்போது அவன் ஞாபகம் வந்துவிடுகிறது. மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா, கறிச்சோறு போட்டுச் சர்க்கரையை ஏற்றிவிட்டார்களா என்று கிடந்து அடித்துக்கொள்கிறேன். பாவிப்பயல், அண்ணிக்குப் பதில் சொல்வதற்குள் செத்துகித்துத் தொலைத்துவிடக் கூடாதே.