பாதாள் எக்ஸ்பிரஸும் ராகுகாலமும்

மண்டையோடு போட்ட கறுப்பு டீ-ஷர்ட், நெற்றியில் ஸ்ரீசூர்ணம், தோளில் பேஸ் கிட்டார். இந்தக் கோலத்தில் தினசரிக் காலண்டர் முன் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் ஸ்ரீநிவாசன். சனிக்கிழமை காலை. மராத்திக்காரர்கள் ஊரில், விஷ்ராந்த்வாடிப் பேட்டையில் அவர் வீட்டு ஹாலில் ‘பாதாள் எக்ஸ்பிரஸ்’ ஹெவி மெட்டல் குழு மொத்தமும் உட்கார்ந்து போஹா என்கிற அவல் உப்புமா தின்கிறது. பத்தரைக்கு ராகுகாலம் முடியாமல் இவர் ஒரு தந்தியையும் தொடமாட்டார்.

இருபத்தெட்டு வருஷமாக இதே கதைதான். பாதுகாப்புத் துறையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கூடப் பேண்டு ஆரம்பித்தவர்களில் ஒருவர் கனடா போனார், ஒருவர் சாமியாராகப் போனார். பாடகர் பல்செட் கட்டியதும் கத்துவதை விட்டுவிட்டார். டிரம்ஸ்காரர்கள் கணபதி சீசனில் டோல் மேளம் அடிக்கப் போவார்கள். பாதிப் பேர் திரும்புவதில்லை. “ஆள் போவா, வருவா. பேண்டு நிக்கப்படாது” என்பார்.

இப்போதைய டிரம்ஸ் தேஜஸ், ஐ.டி. கம்பெனிக்காரன். தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

“அரே அங்கிள், சைத்தான் மேல பாட்டு எழுதறீங்க, ராகுக்கு பயம் ஆகுதா?”

“சைத்தான் பாட்டுல வரான்டா. ராகு பஞ்சாங்கத்துலன்னா இருக்கான்!”

போன மாதம் வந்தது வினை. ஊருக்குள்ளேயே கராடியில் திறந்தவெளிக் கச்சேரி. பல வருஷம் கழித்துக் கிடைத்த மேடை. ஞாயிறு மாலை நாலே முக்கால். ஞாயிறு ராகுகாலமோ நாலரைக்கே பிறந்துவிடும். “மேடை ஏறலேன்னா நானும் போறேன், முடிஞ்சுது” என்றான் தேஜஸ். அவனும் போனால் குழு அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரனான நானும் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

ஸ்ரீநிவாசன் அசரவில்லை. வெளியூர் போகிறவர்கள் நல்ல நேரத்தில் பெட்டியை அடுத்த வீட்டில் கொண்டு வைப்பதில்லையா? அதே கணக்கில், நாலரைக்குச் சற்று முன்பே மேடைக்குப் பின்னால் சின்ன பேட்டரி ஸ்பீக்கரில் முதல் ஸ்வரத்தை மீட்டினார். “ஆரம்பிச்சாச்சு! இனிமே ராகு வந்தா வரட்டும்.” ஆனால் சத்தம் நிற்கக் கூடாது, நின்றால் மறுபடி ஆரம்பித்த கணக்காகிவிடும். ஒரே தந்தியை விடாமல் மீட்டினார். அவர் மனைவி சாவித்ரி மாமி தண்ணீர் புகட்டினாள். ஸ்பீக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே மேடை ஏறினார். கூட்டம் இதைப் புதுப் பாணி என்று நினைத்துக் கைதட்டியது.

மேடையில் கிட்டார் வயரைப் பெரிய ஸ்பீக்கருக்கு மாற்ற வேண்டும். பிடுங்கினால் சத்தம் அறுந்துவிடும். இது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “அரே, ருக்கோ! நிறுத்து!” என்று அலறினார். சவுண்ட் ஆபரேட்டர் வயரைப் பிடித்தபடி முழித்தான்.

தேஜஸ் குச்சிகளை எடுத்து சிம்பல் தட்டில் மெல்ல, இடைவெளியே இல்லாமல் உருட்டத் தொடங்கினான்; பிறகு, இப்போது பிடுங்கு என்று ஆபரேட்டருக்குத் தலையசைத்தான்.