என் பக்கெட்டில் கலந்தது என்ன

மாலை போட்டிருக்கும் சாமிமார்களுக்கும், அவர்களுக்கு விரதச் சோறு பொங்கிப் போடும் வீட்டுப் பெண்களுக்கும் சரணம் சொல்லி இதை எழுதுகிறேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொல்லி எங்கள் குருசாமியின் உத்தரவு. எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

வீடு மூலக்குளத்தில். வேலை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் என் தொழில். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே வருகிறவன் பையை மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன். சாயங்காலம் யூனிஃபார்மைக் கழற்றினாலும் அந்தப் புத்தி கழலாது. கடையில் காய் வாங்கி வந்தால்கூட வீட்டில் இன்னொரு தடவை எடை போடுகிறவன் நான். என் மனைவி தனம் இதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வாள்.

போன வருடம் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மலைக்குப் போவது அது மூன்றாவது முறை. தீபாவளியை ஒட்டி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் தேறியிருந்தேன். விரதக்காரன் விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டும். மழைக்காலம் வேறு. மாடித் தொட்டித் தண்ணீர் எலும்பு வரை இறங்கும்.

ஒன்பதாம் நாள் காலை குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டிருந்தேன். தோளும் முதுகும் அரித்தன. பார்த்தால் பூரான் கடித்ததுபோல் சிவந்து தடிதடியாக எழும்பியிருந்தது. ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. சாயங்காலம் குளித்ததும் மறுபடி வந்தது. மறுநாள் மழை ஈரத்தில் பைக் ஓட்டி கம்பெனிக்குப் போய் இறங்கினால், காதும் கன்னமும் வீங்கியிருந்தன.

முதலில் சோப்பைச் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். பிறகு நெற்றிக்கு இடும் சந்தனத்தை. அதில் என்ன கலந்தாய் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பிறகு எதிர்வீட்டுக்காரரின் கண். அவர் வாசலில் நின்றால் நான் உள்ளே போய்விடுவேன். ஒன்றும் சரியாகவில்லை.

என்னோடு கேட்டில் வேலை செய்யும் பாலுவும் மாலை போட்டிருந்தார். என் கையில் இருந்த தடிப்பைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா நெனக்காதீங்க சாமி. ஊட்ல சுத்தம் கொறஞ்சா இப்பிடித்தான் ஒடம்புல காட்டும். ஊட்டம்மாவ கொஞ்சம் கவனிங்க.”

எனக்கு அது போதாதா? அன்றிலிருந்து என் வீட்டு அடுப்படிதான் எனக்குக் கேட். சட்டியை மோந்து பார்த்தேன், முட்டை வாசம் அடிக்கிறதா என்று. அவள் கடைக்குப் போய் வந்தால் பையைத் துழாவினேன். கடைசியில் ஒருநாள், தீட்டு நாளை மறைத்துவிட்டுச் சமைத்தாயா என்று கேட்டே விட்டேன். இருபத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளிடம் கேட்டேன். தனம் பதில் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள். மாலை போட்டிருக்கிற ஆளை வைய முடியாது அல்லவா. அந்த மௌனத்தையும் நான் குற்றக் கணக்கிலேயே சேர்த்தேன்.

தீட்டுக்குப் பரிகாரம் குளியல். அதனால் இரண்டு வேளை நான்கு வேளையானது. எவ்வளவு குளித்தேனோ அவ்வளவு தடித்தது. எவ்வளவு தடித்ததோ அவ்வளவு குளித்தேன். மடையன் என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பதினேழாம் நாள் விடியற்காலை, பத்துப் பதினைந்து சொம்பு விடாமல் தலையில் ஊற்றினேன். உதடு கனத்தது. தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடிப்பதுபோல் இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. விழித்தபோது கூடத்தில் கிடந்தேன். உடம்பெல்லாம் போர்வை. தனம் என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதாள். இது சாமி குத்தம், ஊசி போட்டால் போகாது என்று மறுத்தேன். சொல்லிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஐயப்பன் படத்துக்கு முன் உட்கார்ந்து மனமுருகி வேண்டினேன். என்னைக் குணமாக்கு என்று கேட்கவில்லை. “ஐயப்பா, எனக்கு இதைச் செய்வது யார்? என் கண்ணில் காட்டு” என்றுதான் கேட்டேன். புத்தி அப்படி.

மறுநாளிலிருந்து வீட்டில் கை நனைக்கவில்லை. ரெட்டியார்பாளையத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்தான் எங்கள் குருசாமி. என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் வீட்டில் சாப்பிட்டேன். குளியலையும் பழையபடி இரண்டு வேளையாக்கிக்கொண்டேன். அதிசயம், காலைக் குளியலில் தடிப்பு இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான்கு காலைகள் உடம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து கம்பெனிக் குழாயில் குளித்தால் மட்டும் வந்தது. அந்தச் சாயங்காலத்தை நான் யோசிக்கவே இல்லை. தனம் கையால் சாப்பிடவில்லை, தடிப்பு வரவில்லை. திருடன் அகப்பட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

நாலாம் நாள் காலையில் இன்னொன்று கண்ணில் பட்டது. அடுப்படியிலிருந்து குளியலறை வரை ஈரக் கால்தடம். நான் எழுவதற்கு முன்பே பக்கெட் நிறைந்திருந்தது. என் பக்கெட்டில் இவளுக்கு என்ன வேலை? யாரோ பொடி ஏதும் மந்திரித்துக் கொடுத்திருக்கிறார்களோ?

ஐந்தாம் நாள் நாலு மணிக்கே எழுந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். தனம் ஒரு குண்டானை முந்தானையால் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தாள். பக்கெட்டில் சாய்த்தாள். கையை விட்டுக் கலக்கினாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“என்ன கலந்த? சொல்லு.”

அவள் திடுக்கிட்டாள். பிறகு குண்டானை என் கையில் கொடுத்தாள். சுட்டது.

“சுடுதண்ணி சாமி. வேற ஒண்ணும் இல்ல. மோந்து வேணா பாத்துக்கோங்க.”

மோந்து பார்த்தேன். அதையும் செய்தேன்.

“அன்னிக்கி ஃப்ரிட்ஜ் மோர் டம்ளர புடிச்சிங்க. புடிச்ச கை மட்டும் வீங்கிச்சி. ஈரக் காத்துல வண்டில போனா மூஞ்சி வீங்குது. வெயில்ல நின்னா ஒண்ணும் வர்ல. குளிருதான் ஒங்களுக்கு ஆவல போலருக்குன்னு தோணிச்சி. நீங்க வுழுந்த மறுநாள்லேர்ந்து, தெரியாத அளவுக்கு கொஞ்சமா ஊத்தறேன்.”

“என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா கேப்பிங்களா? வெரதத்த கெடுக்கறன்னு அதுக்கும் என்னத்தான் சொல்லுவிங்க.”

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

அன்றே பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனோம். டாக்டரம்மா பாலித்தீன் பையில் ஐஸ்கட்டியைப் போட்டு என் முன்கையில் ஐந்து நிமிடம் வைத்தார். எடுத்த கொஞ்ச நேரத்தில், கட்டி இருந்த இடத்தில் சதுரமாகத் தடித்து எழும்பியது. நான் உடனே, அந்தப் பையில் மருந்து ஏதாவது தடவியிருக்கிறதா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதே பையைத் தனத்தின் கையில் வைத்தார். அவள் கையில் ஒன்றும் எழும்பவில்லை.

“இது குளிர் அலர்ஜி. சில பேருக்கு காய்ச்சல் வந்து போனப்புறம் ஆரம்பிக்கும். காரணமே தெரியாமலும் வரும். மாத்திரை தர்றேன், தினம் போடுங்க. ஐஸ் போட்டது குடிக்காதீங்க. குளிர்காத்துல போனா காதையும் மூஞ்சியையும் மூடிக்குங்க” என்றார். மாலையைப் பார்த்துவிட்டு, “ஆத்துல முழுக்குப் போடப் போறீங்களா? வேணாங்க. பச்சத் தண்ணில ஒடம்பு மொத்தமா எறங்குனா அன்னிக்கி மாரி மயக்கம் வரும், தொண்ட அடைக்கும். உசுருக்கே ஆபத்து. அப்பிடி ஏதாவது ஆனா ஒரு நிமிஷம்கூட தள்ளிப் போடாம ஆஸ்பத்திரிக்கு வரணும்” என்றார்.

அந்த ஆண்டு எங்கள் கூட்டம் பம்பையில் விடியற்காலை முழுக்குப் போடத் திட்டமிட்டிருந்தது. யார் என்று காட்டச் சொல்லி ஐயப்பனிடம் கேட்டேன். காட்டிவிட்டார். ஒரு நாளைக்கு நான்கு தடவை நானே என் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தடுத்தவளைத்தான் திருடி என்றேன்.

விரதம் முறிந்ததா என்று குருசாமியிடம் பயந்துகொண்டே கேட்டேன். வண்டிச் சக்கரத்தைக் கழற்றியபடியே சொன்னார்.

“ஐயப்பன் சுத்தமா இருன்னுதான் சொன்னாரு. ஜன்னி வந்து சாவுன்னா சொன்னாரு? நீங்க பேசுன பேச்சுக்குத்தான் சாமி வெரதம் முறிஞ்சிருக்கணும். போயி ஊட்டம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க.”

கேட்டேன். தனம், “சரி சரி, சாப்புட வாங்க சாமி” என்றாள். இரண்டு வாரத்தில் அன்றுதான் அவள் கையால் வயிறாரச் சாப்பிட்டேன்.

பம்பையில் எல்லாரும் ஆற்றில் இறங்கினார்கள். நான் கரையில் நின்றேன். குருசாமி டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, அதில் ஆற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி விட்டு, சரணம் சொல்லி என் தலையில் ஊற்றினார். எங்கள் கூட்டத்தோடு வந்திருந்த பாலு சாமி முழுகிக் கரையேறிப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். மலை ஏறினேன். கண் நிறையப் பார்த்தேன். கேட்க ஒன்றும் பாக்கி இல்லை. நன்றி மட்டும் சொன்னேன்.

அலர்ஜி முழுதாகப் போய்விடவில்லை. மாத்திரையும் மஃப்ளரும் கூடவே இருக்கின்றன. சாமிமார்களே, குளித்ததும் உங்களுக்கும் இப்படித் தடித்தால் குத்தம் தேடி அலையாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஐயப்பனைக் கேளுங்கள், கட்டாயம் பதில் சொல்வார். ஆனால் பதில் எந்தக் கையில் வரும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. எனக்கு அடுப்படியிலிருந்து வந்தது.

இந்தக் கார்த்திகையிலும் மாலை போட்டிருக்கிறேன். கேட்டில் இன்னும் எல்லார் பையையும் திறந்து பார்க்கிறேன், அது வேலை. விடியற்காலை குளியலறைக்குப் போகும்போது பக்கெட் நிறைந்திருக்கிறது. விரல் விட்டுப் பார்ப்பதில்லை. சரணம் சொல்லி அப்படியே ஊற்றிக்கொள்கிறேன்.