யானை வயிற்றில் ஏறிய ராசேந்திரன்

ராசேந்திரன் போய்விட்டான். இன்று காலை, கம்பளையில். மகள் போன் எடுத்துச் சொன்னாள்...

இளசுகளுக்குத் தெரியாது. தெல்தோட்டையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே நின்ற ‘யானை வயிறு’ என்ற பாறையில் ஏறிய ஒரே மனிதப் பிறவி அவன். பல்லியே பாதியில் யோசித்துத் திரும்பிப் போகிற பாறை அது.

தொழிற்சாலைக்கு மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் அதில் வரிசையாக ஆணி அடித்தார். நடுவில் துருத்தி நிற்கும் வயிற்றில் அவரே நாலாயிரம் தடவை விழுந்து, கயிற்றையும் சட்டத்தையும் எங்களிடம் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

சட்டம் ஒன்றே ஒன்று. ஆணியில் கயிற்றை மாட்டலாம், கையால் தொடக்கூடாது. தொட்டால் ஏறியது கணக்கில்லை.

ராசேந்திரன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். முழங்கை ஒவ்வொன்றும் பலாமரம். நான் தோட்டத்துக் கிளாக்கர், கீழே நின்று கயிறு பிடிக்கிற மகாராஜா.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். நான் முயலுக்கே பாடம் எடுக்கிற வேகத்தில் குறுக்குப் பாதையால் பாறை உச்சிக்கு ஓடிவிட்டேன்.

லயத்தின் கடைசிக் காம்பிரா வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கப் போன ராசேந்திரன் பிந்திவிட்டான். பாதையை மறித்து முப்பது பேர், கையில் கத்தி. அவனுக்கு மிச்சமிருந்தது பாறை மட்டும்தான்.

கயிறில்லாமல் ஏறினான். கீழேயிருந்து கல் மழை. வயிற்றில் தொங்கும்போது ஒரு கல் இடது கையில் விழுந்து இரண்டு விரலை நசுக்கியது. மேலிருந்த எனக்கே எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது.

உச்சிக்கு வந்தவனைக் கட்டிப்பிடித்து, “ஏறிட்டடா! உலகத்துலயே மொத ஆளு!” என்று கத்தினேன். என் சட்டையெல்லாம் அவன் இரத்தம்.

“இல்லண்ணே. ஆணியப் புடிச்சிட்டேன்... கணக்கில்ல.”

“அடப்பாவி, உசுரு இருக்குடா!”

“அது வேற, இது வேற.”

கீழே எங்கள் லயம் எரிந்துகொண்டிருந்தது.

சில வருடம் கழித்து, யுத்தம் முற்றிய காலத்தில், மறுபடி கயிற்றோடு வந்து நின்றான். அந்த இரண்டு விரலும் மரக்கட்டை.

சரியாக அவன் வயிற்றில் தொங்கும் நேரம், என் கழுத்தில் துப்பாக்கி முனை. ஆமிக்காரர்கள். “கொட்டியா? ட்ரெய்னிங்கா?” புலிப் பயிற்சியா என்று கேட்கிறார்கள்.

நான் கயிற்றை விடவில்லை. அது மட்டும் சத்தியம்.

உச்சியிலிருந்து அவன் கூவினான். அவனை இறக்கிக்கொண்டு வந்து, என் கண் முன்னாலேயே துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். கிளாக்கர் என்று கந்தோரில் கொடுத்த அடையாள அட்டை இருந்ததால் என்னை அன்றே விட்டார்கள். அவனை விடவில்லை.

மூன்று வாரம் கழித்து கந்தோர் ஜன்னலில் வந்து நின்றான். முன்பல் இல்லை. வலது தோள் இறங்கிவிட்டிருந்தது. இனி எந்தப் பாறையும் இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்த ரெண்டு வெரலுக்கும் உணர்ச்சி இல்ல. ஆணில பட்டுச்சா படலயானு எனக்கே தெரியல. நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

“படல.”

“சத்தியமா?”

“சத்தியமாடா.”

இருந்த பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தான். அதற்குப் பிறகு கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே போனாலும், “நம்ம கிளாக்கரண்ணன் சாட்சி” என்றுதான் கதையைத் தொடங்குவான்.

அந்த நேரம் நான் பார்த்தது துப்பாக்கியை மட்டும்தான்...

படலடா ராசேந்திரா. போயிட்டு வா.