தோலுறையின் அடித்தேய்மானம்

குதிரைகளுக்கு லாடம் அடித்து ஓய்ந்த ஆர்வில் டாக்கெட்டுக்கு, பூவேலை செதுக்கிய பழைய ரிவால்வர்கள் என்றால் உயிர். அவர் அவற்றுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தால், மனைவி கோரா பொறாமையில் பாத்திரங்களை உருட்டும் சத்தம் வயோமிங் மாநிலம் முழுக்கக் கேட்கும்.

நண்பன் டெல்மர் ஹோய்ட் ஒரு ரிவால்வரும் தோலுறையும் கொண்டுவந்தான். இரண்டும் அந்தக் காலத்து ஷெரிஃப் ஒருவரின் இடுப்பில் சேர்ந்தே கிடந்தவை என்றான். ஆர்வில் தன் செல்லக் குதிரை ஜூனிபரைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அதை வைக்கவிருந்த பழைய துப்பாக்கிக் கண்காட்சிக்கு முந்தைய நாள், உறையின் தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூலைத் தீக்குச்சியால் சுட்டார். பழைய லினன் நூல் கருகிச் சாம்பலாகும். இது உருகிச் சொட்டியது. அந்த ஷெரிஃப் காலத்தில் இல்லவே இல்லாத நைலான்!

டெல்மரை வரவழைத்தார்.

"அடப்பாவிங்களா, என்னையும் ஏமாத்திட்டானுங்களே!" என்று டெல்மர் தலையில் கை வைத்தான்.

"உன்னையா? உறைக்குள்ள அடியில பாரு. குழல் முனை உரசுற இடத்தை எவ்வளவு அழகாத் தேச்சிருக்கு! போலி பண்றவனுங்க அங்க தேய்க்க மறந்துடுவானுங்கன்னு நான் உன் ஒருத்தன்கிட்டதான்டா சொன்னேன்."

டெல்மர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"ஜூனிபர் எங்க?"

"வித்துட்டேன். கண்காட்சியில சொல்லிடாதே, ஆர்வில்."

மறுநாள் ஆர்வில் அந்த உறையை மேசை நடுவில் வைத்து, பக்கத்தில் ஓர் அட்டையை நிறுத்தினார்: "போலி. செய்தவர் டெல்மர் ஹோய்ட். கற்றுக்கொடுத்தவர் ஆர்வில் டாக்கெட்."