துண்டுக்குள் ஒரு விரல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பயங்கரவாத நிபுணர் என் பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்.

சிரிக்காதீர்கள். மாப்பிள்ளை சந்திரன் மெட்ராஸில் குற்றவியல் ஆராய்ச்சி செய்கிறார். பயங்கரவாதக் கூட்டங்களுக்குக் காசு எப்படி வருகிறது, ஆட்களை எப்படி அடுக்கி வைக்கிறார்கள்... இதுதான் படிப்பு. பெண்ணின் அப்பா பெருமாள் அண்ணன் போடியில் ஏலக்காய் வியாபாரி. "மாப்ளகூட இங்கிலீசு பேச ஆள் வேணும்ல" என்று என்னைக் கூட்டிப் போனார்.

அண்ணனுக்கு ஒரே கவலை. மாப்பிள்ளையின் அம்மா ட்ரங்க் கால் போட்டு முப்பது பவுன் கேட்டிருந்தார். மலையில் மழை இல்லை, காயும் இல்லை. பத்துக்கு மேல் அண்ணனால் முடியாது. பவுனால் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. இதுவும் போனால் மகள் தமிழரசியின் முகத்தில் எப்படி விழிப்பது?

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து உட்கார்ந்ததும் வடை வந்தது. மாப்பிள்ளை வடையைத் தொடாமல் கேள்வி கேட்டார்.

"மலையிலிருந்து சரக்கை யார் கொண்டு வர்றாங்க?"

"ஜீப்புக்காரன்" என்றார் அண்ணன்.

"அது யாருக்குப் போகுதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவனுக்கு என்னத்துக்கு அது? மூடையை எறக்கிட்டு வெரசா அடுத்த லோடுக்குப் போயிருவான்."

"உங்க ஆளுங்க மொத்தம் எத்தனை பேர்?"

அண்ணன் என் காதோரம் குனிந்தார். "இவரு மாப்ளயா, சேல்ஸ் டாக்ஸா?"

அவ்வளவுதான், வீடே வாயை மூடிக்கொண்டது. அண்ணனின் தம்பி பின்வாசல் வழியாகக் குடோனைப் பூட்ட ஓடினார். அண்ணி எதைக் கேட்டாலும் தெரியாது என்றார் — வடை யார் சுட்டது என்பதற்கும். சந்திரனுக்கோ முகமெல்லாம் சந்தோஷம். "ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குத் தெரியல பாருங்க சார். அப்படியே எங்க தியரி."

பிறகுதான் பெண்ணின் நினைவு வந்தது. தமிழரசியுடன் கொல்லைப்பக்கம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"துண்டைப் போட்டு விலை பேசுவீங்களாமே. எனக்குக் காட்டுங்க மாமா."

எங்கள் ஊர் வழக்கம் இது. இரண்டு பேர் கையையும் துண்டு மூடியிருக்கும். பிடிக்கிற விரல்தான் விலை. ஒரு விரல் ஒன்றா, பத்தா, நூறா என்பது சரக்கைப் பார்த்தாலே தெரியும். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மாற்றிப் பேசுகிறவரோடு யாரும் வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"சும்மா துண்டு போடக் கூடாது மாப்ளே. சரக்குன்னு ஒண்ணு வேணும்" என்றார் அண்ணன்.

"அப்ப பவுனுக்கே போடுங்க."

விளையாட்டு என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். துண்டு விழுந்தது. உள்ளே விரல்கள் அசைந்தன. துண்டை எடுத்தபோது அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

"ஒத்த வெரலு. பத்துப் பவுனு."

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றார் அம்மா.

"தெரியாம பிடிச்சிட்டேம்மா. ஆராய்ச்சிக்குத்தான்..."

"துண்டை எடுத்தாச்சுக்கா" என்றார் அண்ணன், மெதுவாக. அந்த அம்மா பிறந்தது போடிக்குப் பக்கத்துச் சிலமலை. துண்டுக்கு அப்புறம் பேசினால் சொந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். வடையை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

யோசித்தால், கல்யாணம் நடத்துகிற எந்தக் குடும்பமும் ரகசிய இயக்கம்தானே? காசு எங்கே புரண்டது என்று வெளியே சொல்வதில்லை. அவரவர் வேலை அவரவருக்கு. என்ன, அவர்கள் குண்டு போடுகிறார்கள்... இவர்கள் பந்தி போடுகிறார்கள்.

சாயங்காலம் மதுரை ரயிலுக்கு வழியனுப்பப் போனேன். அம்மா ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "நெசமாவே தெரியாமத்தான் பிடிச்சீங்களா தம்பி?"

"அமைப்புல யாருக்கும் தேவைக்கு மேல தெரியக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

(அந்த அம்மா பத்திரிகை படிப்பதில்லை என்று விசாரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

திரும்பி வந்தால், வாசலில் தமிழரசி அப்பாவின் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "ரயில் ஏறிட்டாங்களா சித்தப்பா?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இயக்கத்தின் தலைவர் யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது!